பக்கத்து வீட்டுப் பார்வையை மறைக்கும் கொடித்தட்டி: தூண் ஊன்றுவது முதல் கவாத்து வரை

இரண்டு சென்ட், மூன்று சென்ட் மனையில் வீடு கட்டுவது வழக்கமான பிறகு, பல வீடுகளில் கொல்லைப்புறம் என்பது பத்தடி அகலச் சந்தாகச் சுருங்கிவிட்டது. துவைக்கும் கல், பாத்திரம் கழுவும் இடம், துணி காயப்போடும் கயிறு எல்லாம் அந்தப் பத்தடிக்குள்தான். பக்கத்து மனையில் மாடி எழும்பியதும் அதன் ஜன்னல் நேராக இங்கே திறக்கிறது. வீட்டில் உள்ளவர்கள், குறிப்பாகப் பெண்கள், தங்கள் சொந்தக் கொல்லையிலேயே நிம்மதியாக நடமாட முடியாத நிலை வந்துவிடுகிறது.

இதற்குப் பலரும் தகரம் அடிக்கிறார்கள். வெயில் காலத்தில் அது அனலைத் திருப்பி வீசுகிறது. பச்சை நிழல்வலை சில ஆண்டுகளில் வெயிலில் நைந்து கிழிகிறது. கீற்றுத் தட்டியை ஆண்டுதோறும் மாற்ற வேண்டும். சுவரை உயர்த்தினால் செலவும் அதிகம், காற்றும் அடைபடும். கொடி வளர்த்து மறைப்பது இவற்றுக்கு நல்ல மாற்று. இலை காற்றை விடும், வெப்பத்தைக் குறைக்கும், காயோ கீரையோ பூவோ தரும்.

ஆனால் ஆசையாக நட்ட கொடி, ஓராண்டில் மேலே குடைபோலக் கவிந்து அடியில் மொட்டையாக நிற்பதைத்தான் பல வீடுகளில் பார்க்கிறோம். இதற்குக் காரணங்கள் மூன்று. பார்வை எங்கிருந்து வருகிறது என்று அளக்காமல் நடுவது. கொடி ஏறும் விதத்துக்குப் பொருந்தாத தாங்கலை அமைப்பது. ஒரே ஒரு வகைக் கொடியை மட்டும் நம்புவது. இந்த மூன்றையும் நாற்று வாங்கும் முன்பே சரிசெய்துகொண்டால் மறைப்பு நிலைக்கும்.

காய்கறிப் பந்தல் தலைக்கு மேலே படுத்திருப்பது. மறைப்புக்கு வேண்டியது நிமிர்ந்து நிற்கும் பந்தல். இந்தக் கட்டுரையில் அதைக் 'கொடித்தட்டி' என்று குறிப்பிடுவோம்.

முதலில் பார்வையை அளக்க வேண்டும்

நீங்கள் மறைவு தேடும் இடத்தில் நின்று எதிர் ஜன்னலைப் பாருங்கள். அந்த ஜன்னல் உங்களுக்குத் தெரிந்தால், அங்கிருப்பவருக்கு நீங்களும் தெரிவீர்கள். உங்கள் கண்ணுக்கும் அந்த ஜன்னலுக்கும் இடையே ஒரு நேர்க்கோடு இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். இன்னொருவரிடம் நீளமான கம்பு ஒன்றைக் கொடுத்து, தட்டி வரப்போகும் இடத்தில் நிறுத்தி, ஜன்னல் மறையும்வரை உயர்த்தச் சொல்லுங்கள். அந்த உயரம்தான் உங்கள் தட்டிக்குத் தேவையான உயரம்.

ஒரு கணக்கு பார்ப்போம். முதல் மாடி ஜன்னலில் நிற்பவரின் கண் தரையிலிருந்து 15 அடி உயரத்தில் இருக்கிறது. துவைக்கும் கல்லில் இருந்து அந்த ஜன்னல் 24 அடி தள்ளி உள்ளது. கல்லருகே நிற்பவரின் உயரம் 5 அடி. தட்டியை கல்லுக்கு 4 அடி தூரத்தில் வைத்தால் 7 அடி உயரம் போதும். அதே தட்டியை 12 அடி தள்ளி, மதில் ஓரமாக வைத்தால் 10 அடி உயரம் வேண்டும். 10 அடித் தட்டிக்கு ஏணி இல்லாமல் கவாத்து செய்ய முடியாது, காற்றையும் அது அதிகம் வாங்கும். எனவே மேலிருந்து வரும் பார்வைக்கு, மறைக்க வேண்டிய இடத்துக்கு எவ்வளவு அருகில் தட்டி இருக்கிறதோ அவ்வளவு நல்லது. மதில் ஓரத்தில்தான் வைக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

ஜன்னல் இரண்டாம் மாடியில் இருந்தால் நிமிர்ந்த தட்டி மட்டும் போதாது. 7 அடி உயரத்தில் தட்டியை வீட்டுப் பக்கமாக 3 அடி மடக்கி, சிறு பந்தலாக நீட்ட வேண்டும். பார்ப்பதற்குத் தலைகீழாக நிறுத்திய 'ட' எழுத்துபோல இருக்கும். எல்லா இடமும் கைக்கு எட்டும்.

தெருவில் நடப்பவர்களின் பார்வையை மட்டும் மறைக்க, தரை சமமாக இருந்தால் 6 அடி போதும். இன்னொன்றையும் நினைவில் வையுங்கள். இலைத்தட்டி பகலில் நன்றாக மறைக்கும். இரவில் உங்கள் பக்கம் விளக்கு எரிந்து வெளியே இருட்டாக இருந்தால், இலை இடுக்குகள் வழியே உள்ளே தெரியும். குளியலறைப் பக்கமாக இருந்தால் விளக்கைத் தட்டிக்கு அருகில் வைக்காமல் தள்ளி வைக்க வேண்டும்.

கொடி எப்படி ஏறுகிறது என்று தெரிந்துகொள்ளுங்கள்

கொடிகள் எல்லாம் ஒரே விதமாக ஏறுவதில்லை. நான்கு வகையாகப் பிரிக்கலாம்.

தண்டையே சுற்றி ஏறுபவை: அவரை, சிறகவரை, சங்குப்பூ, கொடிப்பசலை, சீந்தில். இவற்றுக்கு நெட்டாக நிற்கும் கயிறோ மெல்லிய கம்போ வேண்டும். குறுக்குக் கம்பி மட்டும் இருந்தால் தடுமாறும். வழவழப்பான குழாயில் வழுக்கும், நார்க்கயிற்றில் நன்றாக ஏறும்.

பற்றுக்கம்பி விட்டுப் பிடிப்பவை: கோவை, பீர்க்கன், பாகல், முடக்கத்தான், பிரண்டை, பேஷன் ஃப்ரூட். பற்றுக்கம்பியால் மெல்லிய பொருளைத்தான் வளைத்துப் பிடிக்க முடியும். சணல், மெல்லிய கம்பி, கொடி வலை ஆகியவை ஏற்றவை. கை பருமன் உள்ள மூங்கிலை இவற்றால் பிடிக்க முடியாது.

வேர் விட்டு ஒட்டுபவை: வெற்றிலை, மிளகு, மணிபிளான்ட், ஃபைக்கஸ் புமிலா. இவற்றுக்குச் சொரசொரப்பான பரப்பு வேண்டும். வெற்றிலைக் கொடிக்காலில் அகத்தி மரத்தை நட்டு, அதன் மேல் கொடியை ஏற்றிக் கட்டுவது இதனால்தான்.

சாய்ந்து படர்பவை: முல்லை, பிச்சி, காகிதப்பூ, தூதுவளை. இவற்றுக்குச் சுயமாக உறுதியான பிடிப்பு கிடையாது. தாங்கலில் சாய்ந்தும் முள்ளால் மாட்டிக்கொண்டும் மேலே போகும். பாரி வள்ளல் முல்லைக்குத் தேரைத் தந்த கதையில் முல்லையின் இந்த நிலைதான் தெரிகிறது. இவற்றை நாம்தான் அடிக்கு ஒரு முடிச்சாகக் கட்டிவிட வேண்டும்.

20 அடி நீளத் தட்டிக்குத் தேவையானவை

• 9 அடி உயரத் தூண்கள் 4. இரண்டு அடி மண்ணுக்குள், ஏழு அடி வெளியே. தூண்களுக்கு இடையே ஏறத்தாழ 6 அடி 8 அங்குலம்.
• ஜி.ஐ. கம்பி ஐந்து வரிசை. தரையிலிருந்து 1, 2½, 4, 5½, 7 அடி உயரங்களில். மொத்தம் 100 அடி, முடிச்சுக்குக் கூடுதலாக 10 அடி.
• நெட்டுக்குக் கட்ட நார்க்கயிறு அல்லது நைலான் கயிறு. அடிக்கு ஒன்று வீதம் 21 கயிறுகள், மொத்தம் ஏறத்தாழ 150 அடி. இதற்குப் பதிலாகக் கொடி வலையும் கட்டலாம்.

தூணுக்குக் கல்தூண் மிகவும் உறுதியானது. ஜி.ஐ. குழாய் என்றால் கோவை, அவரை போன்றவற்றுக்கு ஒன்றரை அங்குலமும், ரங்கூன் மல்லி, காகிதப்பூ போன்ற கனமான கொடிகளுக்கு இரண்டு அங்குலமும் போடலாம். சவுக்குக் கம்பு மலிவு. ஆனால் மண் மட்டத்தில் சீக்கிரம் மட்கிவிடும். அடிப்பகுதிக்குத் தார் பூசி நட்டால் கொஞ்சம் கூடுதலாகத் தாங்கும். பல ஆண்டுகள் நிற்கும் முல்லைக்குச் சவுக்குக் கம்பு போட்டால், கொடி முற்றும்போது கம்பு விழும். கம்பை மாற்றுவதற்காகக் கொடியையே வெட்ட வேண்டி வரும். ஓராண்டுக் கொடிக்குச் சவுக்கு, நிலைத்த கொடிக்குக் கல் அல்லது இரும்பு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கம்பி வாங்கும்போது கேஜ் எண் கூடக்கூடக் கம்பி மெலிந்துகொண்டே போகும் என்பதை மறக்கக் கூடாது. மேல் கம்பிதான் எல்லா எடையையும் சுமக்கிறது. அதற்கு 10 கேஜ், மற்றவற்றுக்கு 12 அல்லது 14 கேஜ் சரியாக இருக்கும். கம்பியை இழுத்து முறுக்கும்போது கடைசித் தூண்கள் உள்பக்கம் சாயும். அவற்றுக்குச் சாய்வாக முட்டு கொடுக்க வேண்டும். தூண்குழியில் கான்கிரீட் போட்டால், ஒரு வாரம் தண்ணீர் விட்டு இறுகிய பிறகே கம்பியை இழுக்க வேண்டும்.

சுவரை ஒட்டி அமைப்பதாக இருந்தால், சுவருக்கும் தட்டிக்கும் இடையே அரை அடியாவது இடைவெளி விடுங்கள். காற்று போகும், சுவரில் ஈரம் தங்காது, பின்பக்கம் கைவிட்டுக் காய்ந்த தண்டுகளை எடுக்கலாம். வெல்டு மெஷ் பொருத்தினால் கை நுழையும் அளவு கண் உள்ளதாகப் பாருங்கள். சிறு கண் மெஷ்ஷில் காய்ந்த கொடியை உரிப்பது பெரிய வேலை.

வெயிலைப் பார்த்துக் கொடியைத் தேர்ந்தெடுங்கள்

மேற்குப் பக்கத் தட்டி மாலை வெயிலை நேராக வாங்கும். கோவை, சங்குப்பூ, அவரை, ரங்கூன் மல்லி, காகிதப்பூ ஆகியவை அதைத் தாங்கும். வீட்டுச் சுவரின் வெப்பமும் குறையும். கிழக்குப் பக்கம் பெரும்பாலான கொடிகளுக்கும் ஏற்றது.

வடக்குப் பக்கத்தில் கவனம் தேவை. ஐப்பசி முதல் மாசி வரை சூரியன் தெற்கே சாய்ந்து செல்வதால், உயரமான சுவரின் வடக்குப் பக்கம் நாள் முழுக்க நிழலில் இருக்கும். அங்கே காய்க்கும் கொடிகள் நோஞ்சானாகும். கொடிப்பசலை, வெற்றிலை, மணிபிளான்ட் ஆகியவை அரை நிழலில் நன்றாக வரும்.

கோவை: கொல்லைப்புறத்துக்கு முதல் தேர்வு. பல ஆண்டுகள் நிற்கும், நெருக்கமாக மூடும், வீட்டுக்குக் காயும் கிடைக்கும். இதில் ஆண் கொடி, பெண் கொடி தனித்தனி. விதையிலிருந்து வளர்த்தால் ஆண் கொடியாகப் போகலாம். நன்கு காய்க்கும் கொடியிலிருந்து, பென்சிலைவிடச் சற்றுப் பருமனான முற்றிய தண்டை ஒரு சாண் நீளத்துக்கு வெட்டி நடுவதே சரி.

அவரை: ஆடிப்பட்டத்தில் விதைத்தால் புரட்டாசிக்குள் தட்டியை மூடிவிடும். பந்தல் அவரையின் நாட்டு வகைகள் பகல் குறுகும் காலத்தில்தான் பூக்கும். மாசியில் விதைத்தால் பெரும்பாலும் இலைமறைப்பு மட்டுமே கிடைக்கும், காய்ப்பு இருக்காது. சிறகவரையும் அப்படித்தான்.

கொடிப்பசலை: தண்டை வெட்டி நட்டாலே வேர் பிடிக்கும். ஈரம் இருந்தால் இரண்டு மாதத்தில் ஆள் உயரம் ஏறும். கீரைக்குக் கிள்ளக் கிள்ளப் பக்கக் கிளைகள் வெடித்து இன்னும் அடர்த்தியாகும்.

சங்குப்பூ: விதையின் தோல் கடினமானது. இரவு முழுதும் ஊறவைத்து விதைக்க வேண்டும். மெல்லிய கொடி என்பதால் லேசான தட்டியே போதும். இரண்டு மூன்று ஆண்டில் அடி மரத்துப்போகும். அப்போது புதிய விதை ஊன்றலாம்.

முல்லை: மெதுவாக வளரும். நன்றாக மூட ஒன்றரை ஆண்டு வரை ஆகும். ஆனால் மூடிய பிறகு நிலைக்கும், பூ வருமானமும் உண்டு. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பாரிமுல்லை ரகம் நன்கு அறியப்பட்டது.

பேஷன் ஃப்ரூட்: சமவெளிக்கு மஞ்சள் பழ வகையே ஏற்றது. இதில் ஒரே செடியின் மகரந்தம் பெரும்பாலும் காய் பிடிக்க உதவாது. வெவ்வேறு தாய்ச்செடியிலிருந்து வந்த இரண்டு நாற்றுகளையாவது நட வேண்டும்.

ரங்கூன் மல்லி: வெள்ளையாகப் பூத்துச் சிவப்பாக மாறும் மணமுள்ள பூ. தண்டு மரம்போல முற்றும். வலுவான தூணும் ஆண்டுதோறும் கவாத்தும் உறுதி என்றால் மட்டும் வையுங்கள்.

பீர்க்கன், பாகல், புடலை மூன்றும் நான்கைந்து மாதத்தில் முடிந்துவிடும். அவற்றை மறைப்புக்கு முதன்மைக் கொடியாக நம்பக் கூடாது. புடலைக்குக் காய் நேராகத் தொங்க, படுக்கைப் பந்தல்தான் வசதி. சீந்தில் வறட்சியைத் தாங்கும். ஆனால் கோடையில் இலை உதிர்க்கும், அந்த மாதங்களில் மறைப்பு இருக்காது.

தவிர்க்க வேண்டியவை

செங்காந்தள் நம் மாநில மலர்தான். ஆனால் கிழங்கு உட்பட எல்லாப் பாகமும் கடும் நஞ்சு. குன்றிமணியின் விதையும் நஞ்சு. குழந்தைகளும் ஆடு மாடுகளும் உள்ள வீட்டில் இரண்டுமே வேண்டாம். அலமண்டாவின் பால் தோலில் பட்டால் எரிச்சல் தரும்.

ஃபைக்கஸ் புமிலா சுவரில் நேராக ஒட்டும். பிய்த்து எடுத்தால் பெயின்ட்டும் பூச்சும் சேர்ந்து வரும். பழைய சுவரில் ஏற்ற வேண்டாம். ஆன்டிகோனான் என்ற இளஞ்சிவப்புப் பூங்கொடி வேகமாக மூடும். ஆனால் மண்ணுக்கடியில் கிழங்கு வைத்துப் பக்கத்து மனைக்கும் போகும். வெட்ட வெட்டத் துளிர்க்கும்.

நடவு

தட்டியிலிருந்து ஓரடி தள்ளி, ஒன்றரை அடி நீள அகல ஆழத்தில் குழி எடுங்கள். கட்டுமான இடிபாடு, சிமென்ட் கட்டி இருந்தால் முழுவதும் அகற்ற வேண்டும். புதிய வீட்டுக் கொல்லைகளில் கொடி வளராமல் நிற்பதற்கு இதுவே முக்கியக் காரணம். குழிக்கு 10 கிலோ மட்கிய தொழுஉரம், 200 கிராம் வேப்பம் பிண்ணாக்கு, மேல்மண் கலந்து நிரப்பி, தண்ணீர் விட்டு ஒரு வாரம் ஆறவிடவும்.

20 அடித் தட்டிக்குக் கோவை என்றால் 4 அடி இடைவெளியில் 5 கொடிகள் போதும். அவற்றுக்கு நடுவே வரும் 4 இடங்களில் கொடிப்பசலை அல்லது அவரை. முன்வாசல் தட்டி என்றால் கோவைக்குப் பதில் முல்லை, இடையில் சங்குப்பூ. கோவையையும் முல்லையையும் ஒரே தட்டியில் கலக்க வேண்டாம். கோவை முல்லையின் மேல் ஏறி அமுக்கிவிடும்.

செப்டிக் டேங்க், தண்ணீர்த் தொட்டி ஓரங்களில் கனமான கொடிகளைத் தவிர்க்கவும். அரிசி கழுவிய நீர், காய் கழுவிய நீரைத் தாராளமாக ஊற்றலாம். துணி துவைத்த சோப்பு நீர் தொடர்ந்து பாய்ந்தால் மண் கெடும்.

அடியிலிருந்து மூட வைக்கும் முறை

நுனிக்குருத்து வெளிச்சத்தைத் தேடி மேலேயே போகும். அது இருக்கும்வரை கீழ்க்கணுக்களில் உள்ள மொட்டுகள் தூங்கும். அதனால்தான் மேலே அடர்ந்து கீழே மொட்டையாகிறது. மேலே ஏறிய பிறகு இதைச் சரிசெய்வது கடினம். முதல் இரண்டு மாதத்தில் செய்ய வேண்டிய வேலை இது.

கொடி 2 அடி வளர்ந்ததும் நுனியைக் கிள்ளுங்கள். மூன்று நான்கு பக்கக் கிளைகள் வரும். அவற்றை மேலே விடாமல், முதல் கம்பியில் இடமும் வலமுமாகப் படுக்கவைத்துக் கட்டுங்கள். படுத்த கிளையின் ஒவ்வொரு கணுவிலிருந்தும் துளிர் மேல்நோக்கிக் கிளம்பும். அந்தத் துளிர்களை நெட்டுக்கயிற்றில் ஏற்றுங்கள். இரண்டாவது கம்பியை எட்டியதும் பாதித் துளிர்களின் நுனியைக் கிள்ளி மறுபடி பக்கவாட்டில் விடுங்கள். முதல் கம்பி நிறையாமல் கொடியை மேல் கம்பிக்கு விடக் கூடாது.

கட்டுவதற்குச் சணல் அல்லது பழைய பருத்தித் துணி நல்லது. எட்டு எழுத்துபோல ஒரு வளையம் கம்பிக்கும் ஒரு வளையம் தண்டுக்குமாகத் தளர்த்திக் கட்ட வேண்டும். கட்டுக்கம்பியால் இறுக்கினால் தண்டு பருக்கும்போது வெட்டுப்படும்.

ஆண்டு முழுதும் மறைப்பு இருக்க

எந்தக் கொடியும் பன்னிரண்டு மாதமும் ஒரே அடர்த்தியில் இருக்காது. அவரை மாசி வாக்கில் காய்ந்துவிடும். கோவையை ஆண்டுக்கு ஒருமுறையாவது வெட்ட வேண்டும். எனவே ஒரு நிலைத்த கொடியும் ஒரு வேகக் கொடியும் சேர்ந்திருக்க வேண்டும்.

ஆடி: அவரை, சிறகவரை, சங்குப்பூ விதைப்பு.
புரட்டாசி: மழைக்கு முன் தூண், முட்டு, கம்பி முறுக்கு எல்லாவற்றையும் சோதித்து இறுக்க வேண்டும்.
தை: மாதக் கடைசி வரை முல்லைக் கவாத்து. பூவுக்காக வளர்ப்போர் மொத்தமாக வெட்டுவார்கள். மறைப்புக்கு வளர்ப்பவர்கள் பழைய தண்டுகளில் மூன்றில் ஒரு பங்கை மட்டும் அடியோடு எடுத்தால் போதும்.
மாசி: காய்ந்த அவரையை அறுத்துவிட்டு அங்கே கொடிப்பசலை நடலாம்.
சித்திரை, வைகாசி: வேரடியில் காய்ந்த இலை மூடாக்கு, காலை மாலை தண்ணீர் கவனிப்பு.

கோவையைக் காய்ப்பு குறையும்போது தரையிலிருந்து 2 அடி விட்டு வெட்டலாம். ஆனால் ஐந்தையும் ஒரே நாளில் வெட்டக் கூடாது. ஒன்று விட்டு ஒன்றாக வெட்டி, அவை தழைத்து மூடிய பிறகு மற்றவற்றை வெட்டினால் தட்டி ஒருநாளும் வெறுமையாகாது.

காற்றை மறந்துவிடாதீர்கள்

இலை மூடிய தட்டி பாய்மரம்போலக் காற்றை வாங்கும். கடலோர மாவட்டங்களில் ஐப்பசி, கார்த்திகைப் புயல்கள். கோவை, திருப்பூர், தேனி, தென்காசி பகுதிகளில் ஆனி, ஆடிக் காற்று. அந்தந்தப் பகுதியில் காற்றுக் காலத்துக்கு முன்பே மேல் மூன்றடியை மெலிதாக்கிவிட வேண்டும். 2016 டிசம்பரில் சென்னையைத் தாக்கிய வர்தா, 2018 நவம்பரில் வேதாரண்யம் அருகே கரையைக் கடந்த கஜா போன்ற புயல்களில் பெரிய மரங்களே சாய்ந்தன. புயல் எச்சரிக்கை வந்தால் தயங்காமல் பாதிக் கொடியை வெட்டிவிடுங்கள். வேர் இருந்தால் கொடி திரும்ப வரும். தூண் விழுந்தால் ஆளுக்கும் சுவருக்கும் ஆபத்து.

பால்கனி, மாடி வீடுகளுக்கு

40 லிட்டர் பையில் தோட்ட மண்ணை நிரப்பி நனைத்தால் எடை 50 கிலோவைத் தாண்டும். பால்கனியில் நான்கைந்து பைகள் வைப்பதற்கு முன் இதை எண்ணிப் பார்க்க வேண்டும். தென்னை நார்க்கழிவு, மண்புழு உரம், மண் மூன்றையும் சம பங்கு கலந்தால் எடை குறையும். பைகளைச் சுவரோரமாக வையுங்கள். சங்குப்பூ, கொடிப்பசலை, முடக்கத்தான் ஆகியவை தொட்டிக்கு ஏற்றவை. வலையை பால்கனிக் கம்பியிலும் மேல்தள கொக்கியிலும் கட்டலாம். மேல்தள விளிம்பிலிருந்து திரைபோலத் தொங்கவிட, நாற்றங்காலில் 'கர்ட்டன் கிரீப்பர்' என்று கேட்டால் தருவார்கள். தொட்டிக் கொடிக்குக் கோடையில் தினமும் தண்ணீர் வேண்டும். வாரக்கணக்கில் வெளியூர் செல்பவர்கள் சொட்டுநீர் அமைத்துக்கொள்வது நல்லது.

பூச்சி, நோய்

அவரையில் அசுவினி, கோவையில் பழ ஈ, முல்லையில் சிலந்திப்பேன், எல்லாவற்றிலும் மாவுப்பூச்சி என்று அடிக்கடி வரும். நெருக்கமாக மூடிய தட்டியில் காற்று ஓட்டம் குறைந்தால் சாம்பல் நோயும் வரும். வாரம் ஒருமுறை இலையின் அடிப்பக்கத்தைப் பாருங்கள். அசுவினியும் மாவுப்பூச்சியும் சிறிதளவு இருக்கும்போதே வேகமாகத் தண்ணீர் அடித்துக் கழுவலாம், அல்லது நுனியைக் கிள்ளி அழிக்கலாம். மீறினால் ஒரு லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி வேப்ப எண்ணெய், கரைய சிறிது காதி சோப்பு கலந்து மாலையில் தெளிக்கவும். பழ ஈ தாக்கிய காய்களைக் கொடியடியில் போடாமல், ஆழமாகப் புதைக்க வேண்டும். மறைப்புக்கான கொடி சமையலுக்கும் வருகிறது, குழந்தைகள் தொடும் தூரத்திலும் இருக்கிறது. ரசாயன மருந்தைத் தவிர்ப்பதே நல்லது.

அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கொடி வைத்தால் பாம்பு வருமா?
பாம்பு வருவது எலிக்காகவும் தவளைக்காகவும்தான், பூ வாசத்துக்காக அல்ல. தட்டியின் அடியில் ஒரு சாண் உயரத்துக்கு இலை இல்லாமல் வைத்து, குப்பை, செங்கல் குவியல் சேராமல் பார்த்துக்கொண்டால் பயம் குறையும். கொடியில் தென்படும் பச்சைப் பாம்பு கண்ணைக் கொத்தும் என்பது தவறான நம்பிக்கை. அதன் நஞ்சு மனிதருக்கு ஆபத்தானதல்ல. இருந்தாலும் எந்தப் பாம்பையும் கையால் பிடிக்க முயல வேண்டாம்.

கொசு பெருகுமா?
இலையில் கொசு முட்டையிடாது. தொட்டித் தட்டில் தேங்கும் தண்ணீரில்தான் பெருகும். அதை இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை கொட்டிக் கழுவ வேண்டும்.

பொதுச் சுவரில் கம்பி அடிக்கலாமா?
உங்கள் மனைக்குள் தனித் தூண் ஊன்றுவதே சிக்கல் இல்லாதது. எல்லையிலிருந்து ஒன்றரை அடியாவது உள்ளே தள்ளினால், இரு பக்கமும் நின்று கவாத்து செய்ய முடியும். பக்கத்து வீட்டாரிடம் முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். அவர்கள் பக்கம் போகும் நுனியை மாதம் ஒருமுறை வெட்டிவிடுங்கள். அவர்கள் பக்கம் தொங்கும் கோவைக்காயை அவர்களே பறித்துக்கொள்ளட்டும்.

உடனடியாக மறைப்பு வேண்டுமே, என்ன செய்வது?
தூணும் கம்பியும் போட்டவுடன் கீற்றுத் தட்டியையோ நிழல்வலையையோ தட்டியின் வெளிப்பக்கம் தற்காலிகமாகக் கட்டுங்கள். உள்பக்கம் கொடிப்பசலையும் கோவையும் நடுங்கள். முதல் இரண்டு மாதம் வலை மறைக்கும், அடுத்த சில மாதம் பசலை மறைக்கும், அதற்குள் கோவை மூடிவிடும். பிறகு வலையைக் கழற்றி, கோடையில் நாற்றுகளுக்கு நிழல் தரப் பயன்படுத்திக்கொள்ளலாம்.